ஐப்பசி மழையை எதிர்பாராதது என்று யாரிடம் சொல்வீர்கள்?

வாசகர் கடிதம், சுருக்கமாக (அடையாளம் தெரியாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன):

திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து எழுதும் வாசகருக்கு 38 வயது. கடனில் எடுத்த ஒரு ஜேசிபி வைத்திருக்கிறார். தை அறுப்பு முடிந்ததும் விவசாயிகளுக்கு மாட்டுக் கொட்டகை, நெல் காயவைக்கும் களம், மோட்டார் கொட்டகை, தகரக் கூரை போட்ட கிடங்கு என்று காண்ட்ராக்ட் எடுத்துக் கட்டித் தருகிறார். ஐப்பசி பிறந்துவிட்டால் வடிகாலில் அடைத்த ஆகாயத்தாமரையை வாருவது, கரை உடைப்பை அடைப்பது, சாலையில் சாய்ந்த மரத்தை அகற்றுவது என்று வேறு வேலைக்குப் போய்விடுவார். வருடக் கடன் தவணையில் பெரும்பகுதி அந்த மூன்று மாத மழை வேலையில்தான் அடைகிறதாம்.

போன ஆவணியில் மூன்று கட்டட வேலைகளை ஒரே நேரத்தில் ஒப்புக்கொண்டார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு ஆறு மாடு கட்டும் கொட்டகை, மனைவி வழி மாமா ஒருவருக்கு மோட்டார் கொட்டகை, இன்னொரு விவசாயிக்குக் களமும் கிடங்கும். ஆசிரியரோடு மட்டும் பத்திரத்தில் எழுத்து இருக்கிறது. கூலி 3.2 லட்சம், முன்பணம் 1.5 லட்சம், தீபாவளிக்குள் முடிக்காவிட்டால் நாளுக்கு 1,000 ரூபாய் அபராதம். இரும்பு பைப்பும் தகர ஷீட்டும் ஆசிரியரே வாங்கி இறக்கித் தந்தார். தூண் நின்றதோடு வேலை நின்றது. மழை வந்தது. அதிகாரிகள் இரவில் போன் செய்ய, கோரையாற்றுக் கரையில் பல இரவுகள் வண்டி ஓடியது. டீசல் காசு தவிர எதுவும் வரவில்லை. ஆபரேட்டர் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்தது. இப்போது ஆசிரியரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது: முன்பணம், அபராதம், இல்லையென்றால் மோசடிப் புகார். "மழை கடவுள் செயல்தானே, அதற்கு நான் எப்படிப் பொறுப்பு? என்னைக் கைது செய்வார்களா? அரசாங்க வேலை செய்த காசை எப்படி வாங்குவது? இரண்டில் ஒரு தொழிலை விட்டுவிடட்டுமா?" என்று கேட்கிறார்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

கடிதத்தோடு வண்டி நோட்டுப் புத்தகத்தின் நான்கு பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள். நல்ல காரியம். ஆனால் அவற்றை அனுப்பும் முன் நீங்களே ஒரு முறை நிதானமாகப் படித்தீர்களா என்று தெரியவில்லை. நவம்பர் 11-ஆம் தேதிக்கு எதிரே "இரவு 11.10 – காலை 5.40, கோரையாறு கரை, சார் போன்" என்று இருக்கிறது. அடுத்து 14-ஆம் தேதி: "பகல் 2 – 6, மண்டபம் வாசல், கிராவல் நிரப்பினது, ரொக்கம்." பக்கத்திலேயே, மழை இல்லாத நாட்களுக்கு உங்கள் ஆபரேட்டர் வழக்கமாகப் போடும் ஒரு சின்ன வட்டம். உங்கள் வழக்கின் பலம் முதல் வரியில் இருக்கிறது, பலவீனம் இரண்டாவது வரியில் இருக்கிறது.

மழை என்ற காரணம் எவ்வளவு தூரம் போகும்

'கடவுள் செயல்' என்று சொல்லிவிட்டால் ஒப்பந்தம் தானாகக் கலைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு, செய்யவே முடியாமல் போன காரியத்துக்குத்தான் விலக்குத் தருகிறது. சிரமமாகிவிட்டது, செலவு கூடிவிட்டது, வேறு இடத்தில் அதிகக் காசு கிடைத்தது என்பதெல்லாம் அதற்குள் வராது. ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று சொல்லி வளர்ந்த ஊர் நம்முடையது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்து டிசம்பர் வரை பெய்யும் என்று தெரிந்துகொண்டே, ஆவணியில் உட்கார்ந்து தீபாவளிக்குள் முடிப்பதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மழை எதிர்பாராமல் வந்தது என்று நீதிபதி முன்னால் சொல்ல எனக்கே வாய் வராது. நம் களிமண் பூமியில் அந்த நேரத்தில் கடைக்கால் தோண்டினால் என்ன ஆகும் என்று என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

புயல் வேறு. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, கட்டி முடித்த கொட்டகையே பறந்தது. அப்படி ஒன்று வந்து வேலை நின்றால் நீதிமன்றம் காது கொடுக்கும். அப்போதும் ஒரு கேள்வி உண்டு: ஒப்புக்கொண்ட தேதி புயலுக்கு முந்தியதா, பிந்தியதா? தேதி தவறிய பிறகு புயல் வந்தால் அதுவும் முழுக்க உதவாது.

உங்களுக்கு உதவக்கூடியது வேறொன்று. கரை உடையும் நிலையில் அதிகாரி கூப்பிட்டு வண்டி போன இரவுகள் உங்கள் விருப்பத்தில் போனவை மட்டும் அல்ல. 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 65-ஆம் பிரிவின்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மீட்பு வேலைக்கு வாகனத்தைக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். அப்படி எழுத்தில் உத்தரவு வந்தால் மறுப்பதற்கு இல்லை. அந்த நாட்களுக்குத் தாமதம் உங்கள் தவறல்ல என்று தைரியமாக வாதாடலாம். உங்களிடம் அந்த எழுத்து இல்லை, போன் அழைப்புதான் இருக்கிறது. ஆனாலும் அழைப்புப் பட்டியலும் நோட்டுப் புத்தகமும் சேர்ந்தால் ஓரளவு நிற்கும். மண்டப வாசலில் கிராவல் கொட்டிய நாளுக்கு மட்டும் என்னிடம் பதில் கிடையாது. அதைக் கிழித்துவிடலாமா என்று மனம் போகும். வேண்டாம். ஒரு பக்கம் காணாமல் போனால் கோரையாற்றுக் கணக்கையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அபராதத்தைப் பற்றி அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. நாளுக்கு 1,000 என்று எழுதியிருந்தாலும் அதை அப்படியே பெருக்கித் தூக்கிக் கொடுக்கச் சொல்லிச் சட்டம் கட்டாயப்படுத்தாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, எழுதிய தொகை உச்சவரம்பு. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவு என்று நீதிமன்றம் பார்க்கும். ஆசிரியர் மாடுகளைப் பக்கத்து வீட்டுக் கொட்டகையில் கட்டி மாதம் 2,500 வாடகை தந்ததாக நோட்டீஸிலேயே சொல்லியிருக்கிறார். பேச்சு அந்தக் கணக்கைச் சுற்றித்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்று. டிசம்பர் முதல் வாரத்தில் அவர் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் "சரி தம்பி, பொங்கலுக்குள்ள முடிச்சுக் குடுங்க" என்று அனுப்பியிருக்கிறார். இதைக் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் முக்கியம். தேதி தவறிய பிறகு புதுத் தேதியை ஒப்புக்கொண்டு வேலையை ஏற்றுக்கொள்பவர், பழைய தாமதத்துக்கு இழப்பீடு கேட்பேன் என்று அப்போதே தெரிவித்திருக்க வேண்டும் என்கிறது அதே ஒப்பந்தச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு. வேலை இன்னும் முடியாததால் இது முழுக் கவசம் ஆகாது. பேரம் பேச நல்ல பிடி. அந்த போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள், மெசேஜை அழிக்காதீர்கள். நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய அதற்கென்று ஒரு சான்றிதழ் தேவைப்படும், உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார்.

அந்த எட்டு பைப்

கடிதத்தில் என்னை உண்மையாகக் கவலைப்படுத்தியது மழையும் இல்லை, முன்பணமும் இல்லை. "தண்ணீர் ஏறும் என்று பயந்து சாமான்களை என் பட்டறைக்குக் கொண்டுவந்தேன். அதில் எட்டு பைப்பை மாமா மோட்டார் கொட்டகைக்குப் போட்டுவிட்டேன், பிறகு வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று" என எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி.

வேலை தாமதமானதற்காக மட்டும் யாரையும் மோசடி வழக்கில் உள்ளே தள்ள முடியாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 318-ஆம் பிரிவு, ஊர் வாயில் இன்னும் 420தான். ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும், பிறகு வாக்குத் தவறியது மட்டும் மோசடி ஆகாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. நீங்கள் கடைக்கால் தோண்டி, தூண் நிறுத்தி, கொத்தனாருக்குக் கூலி தந்திருக்கிறீர்கள். ஏமாற்ற நினைப்பவன் செய்யும் வேலை அல்ல அது.

பைப் கதை அப்படி இல்லை. சாமானும் சேர்த்து மொத்தமாகப் பேசிய காண்ட்ராக்டாக இருந்து நீங்கள் வாங்கிப் போட்ட பைப் என்றால், கட்டடத்தில் பொருத்தும் வரை அது பொதுவாக உங்களுடையதுதான். இங்கே வாங்கியவர் ஆசிரியர், பில் அவர் பெயரில், உங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒப்படைத்த பொருளை வேறு காரியத்துக்கு எடுத்தால் நம்பிக்கை மோசடி, 316-ஆம் பிரிவு என்று பேச ஒரு வக்கீலுக்கு இடம் கிடைத்துவிடும். திருப்பி வைக்கும் எண்ணம் இருந்தது என்பது உண்மையாக இருக்கலாம். புகார் கொடுத்த பிறகு திருப்பி வைப்பதற்கும் அதற்கு முன் வைப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. ஆகவே இந்த வாரமே அதே அளவு, அதே கனத்தில் எட்டு பைப் வாங்குங்கள். மீதிச் சாமானோடு சேர்த்து ஆசிரியர் இடத்தில் இறக்குங்கள். இரண்டு பிரதியில் பட்டியல் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். போட மறுத்தால் சாட்சியோடு படம் எடுத்துப் பதிவுத் தபாலில் தகவல் அனுப்புங்கள். நோட்டீஸுக்குப் பதில் அதற்குப் பிறகுதான் போக வேண்டும்.

ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டால் போங்கள், ஒளியாதீர்கள். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் சாதாரணமாக முதலில் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ்தான் தர வேண்டும், எடுத்த எடுப்பில் கைது கூடாது என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒப்பந்தம், கூலிச் சீட்டு, படங்கள் எல்லாவற்றுக்கும் நகல் கொண்டுபோங்கள். "ஒரு வாரத்தில் மொத்தப் பணமும் தருகிறேன்" என்று அங்கே எதிலும் கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள். கொடுக்கல் வாங்கல் தகராறைத் தீர்க்கும் இடம் அது அல்ல.

ராத்திரி வேலைக்குக் காசு

எழுத்து இல்லாத அரசு வேலைக்குப் பணம் வராது என்று டீக்கடையில் சொன்னதை நம்பி மூன்று மாதம் சும்மா இருந்திருக்கிறீர்கள். அரசாங்கத்தோடு போடும் ஒப்பந்தம் அரசியல் சாசனத்தின் 299-ஆம் பிரிவுப்படி முறையாக எழுதப்பட வேண்டும் என்பது சரி. ஆனால் கதை அங்கே முடியவில்லை. மேற்கு வங்கத்தில் ஒரு கட்டுமான நிறுவனம் அதிகாரிகள் கேட்டதன் பேரில் சிவில் சப்ளைஸ் துறைக்குத் தற்காலிகக் கிடங்குகள் கட்டிக்கொடுத்தது, முறையான ஒப்பந்தம் கிடையாது. வேலையைச் சும்மா செய்து தரவில்லை, அரசு அதன் பலனை அனுபவித்தது, அதனால் ஒப்பந்தச் சட்டம் 70-ஆம் பிரிவில் பணம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பி.கே. மண்டல் வழக்கு, தீர்ப்பு 1962-இல் தொகுப்பில் வந்தது. கொட்டகை கட்டும் உங்களுக்கு ஒரு கிடங்கு வழக்கே துணைக்கு வருவது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருந்தது.

அதற்காக நாளைக்கே கோர்ட்டுக்கு ஓட வேண்டாம். முதலில் தேதி, இடம், நேரம், வண்டி எண், கூப்பிட்டவரின் பதவி, கிடைத்த டீசல் எவ்வளவு என்று ஒரு பில் தயார் செய்து, உங்களைக் கூப்பிட்ட அதிகாரியின் அலுவலகத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். டீசல் காசைக் கழித்துக் காட்டுங்கள், மறைத்தால் மொத்தமும் சந்தேகமாகிவிடும். அப்புறம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், அந்த உடைப்பை அடைத்ததற்கு எம்-புக்கில் (செய்த வேலையை அளந்து எழுதி வைக்கும் அரசுப் பதிவேடு) என்ன பதிவாகியிருக்கிறது, யார் பெயரில் பணம் போயிருக்கிறது என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அனுபவத்தில் சொல்கிறேன், பாதி விஷயம் இந்தக் கேள்வியிலேயே வெளிவந்துவிடும். சில நேரம் வேறொரு காண்ட்ராக்டர் பெயரில் பில் ஆகியிருக்கும். அப்படியானால் நீங்கள் பிடிக்க வேண்டிய ஆள் அவர். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் ஒரு மனு கொடுத்து வையுங்கள். எதுவும் நடக்கவில்லை என்றால் இரண்டு மாத முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு வழக்கு. வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று வருடம் காலக்கெடு, அதற்குள் போக வேண்டும்.

ஆபரேட்டர் விஷயத்தில் "தினக்கூலிதானே, ஆஸ்பத்திரிச் செலவு கொடுத்தாயிற்று" என்று எழுதியிருக்கிறீர்கள். தினக்கூலி என்பதால் பொறுப்பு போகாது. வேலையின்போது அடிபட்டால் இழப்பீடு முதலாளி பொறுப்பு. காலில் நிரந்தரக் குறை இருந்தால் அதற்கும் சேர்த்து. "இனி எதுவும் கேட்க மாட்டேன்" என்று அவரிடம் எழுதி வாங்கச் சொல்லி உங்களுக்கு யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். அந்தக் காகிதம் செல்லாது, அவருக்கும் உங்களுக்கும் இடையில் இருக்கிற மரியாதைதான் கெடும். வண்டி இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து, ஆபரேட்டருக்குத் தனியாக பிரீமியம் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கம்பெனிக்கு உடனே தகவல் கொடுங்கள்.

கிடங்கு கேட்ட விவசாயி, டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆகிவிட்டதால் வயலில் எதுவும் கட்டக்கூடாதாம் என்று சொல்லி முன்பணத்தைத் திருப்பிக் கேட்கிறார் என்றீர்கள். 2020-ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயு எடுப்பது, உருக்காலை, தோல் பதனிடும் தொழிற்சாலை போன்றவற்றை. சொந்த நெல்லைக் காயவைக்கும் களத்தை அல்ல. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் கொள்முதல் நிலையத்தில் என்ன பாடு என்று அவருக்கே தெரியும், களம் இல்லாமல் அவருக்கும் ஆகாது. ஆனால் கிடங்கை வெளியாருக்கு வணிகமாக வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால், அது விவசாயம் அல்லாத பயன்பாடு, அனுமதி வேண்டும். எப்படியிருந்தாலும் ஊராட்சியில் எழுதிக் கேட்டுவிட்டுக் கடைக்கால் போடுங்கள்.

இரண்டில் எதை விடுவது?

எதையும் விட வேண்டாம். மழை வேலை இல்லாமல் உங்கள் தவணை ஓடாது, கட்டட வேலை இல்லாமல் மீதி மாதங்கள் ஓடாது. தப்பு இரண்டு தொழில் செய்வதில் இல்லை, ஒரே நாளை இரண்டு பேருக்கு விற்றதில்தான். உங்கள் கணக்கைப் பார்த்தால் ஒரு கொட்டகைக்கு ஜேசிபி தேவைப்படுவது கடைக்கால் தோண்டும் அன்றும், மண் நிரப்பும் அன்றும்தான். வண்டி போனதால் கொட்டகை வேலை நிற்கவில்லை. வண்டியோடு நீங்களும் போனதால் நின்றது. பொறுப்பான ஒரு மேஸ்திரியை வைத்து, அவருக்கு மேற்பார்வைக் கூலி தனியாகப் போடுங்கள். லாபம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

ஒப்பந்தத்தில் சில வரிகள் மாற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்றும் கெடுக் கணக்கில் சேராது என்று எழுதுங்கள். பேரிடர் வேலைக்கு அதிகாரி அழைத்த நாட்களும் சேராது என்று எழுதுங்கள். முன்பணத்தை ஒரேயடியாக வாங்காமல் மட்டம், தூண், கூரை, தரை என்று கட்டம் கட்டமாக வாங்குங்கள். எது யார் வாங்கிய சாமான் என்று பட்டியல் இருக்கட்டும். மழைக்கு முன் கூரை ஏற்ற முடியாத எந்த வேலையையும் ஆவணிக்குப் பிறகு புதிதாக ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒன்று ஞாபகம் வையுங்கள்: மேட்டூரை ஜூன் 12-இல் திறப்பதற்கு முன், சித்திரை வைகாசியில் தூர்வாரும் வேலைக்கும் உங்கள் வண்டியைக் கேட்பார்கள். அதுவும் கட்டட மாதம்தான். மழைக்காலத்தில் மாட்டிக்கொண்டது போல அங்கேயும் மாட்டிக்கொள்ள வழி இருக்கிறது.

மழைக்கு முன்னால், புரட்டாசியிலேயே, அலுவலகத்தில் உங்கள் வண்டி விவரத்தைப் பதிவு செய்து மணி வாடகையைப் பேசி வையுங்கள். இரவில் போன் வந்தால் "சார், வர்றேன், இடத்தையும் நேரத்தையும் ஒரு மெசேஜ் போட்டுருங்க" என்று மட்டும் கேளுங்கள். கரை உடையும்போது யாரும் உத்தரவு டைப் செய்து கொண்டிருக்க மாட்டார்கள், மெசேஜ் போட அரை நிமிடம்தான் ஆகும். பில்லுக்கும் அது ஆதாரம், கொட்டகைக்காரர் கேட்டால் அவருக்கும் அதுவே பதில்.

நோட்டீஸுக்குப் பதினைந்து நாள் கெடு கொடுத்திருக்கிறார்கள், உங்கள் கடிதம் என் கைக்கு வந்தபோது அதில் பாதி போய்விட்டது. பைப்பை இறக்கிவிட்டு, மன்னார்குடியிலோ திருத்துறைப்பூண்டியிலோ ஒரு வக்கீலைப் பார்த்துப் பதில் அனுப்புங்கள். மாசிக்குள் கூரை போட்டு முடிக்கிறேன், மாட்டுக்குத் தந்த வாடகையைக் கூலியில் கழித்துக்கொள்ளுங்கள் என்று அதிலேயே சொல்லிவிடலாம். நோட்டீஸ் அனுப்பிய பிறகும் ஆசிரியர் அந்த மூன்று தூணையும் பிடுங்கச் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கும் கொட்டகைதான் வேண்டும் என்று எனக்குப் படுகிறது. பதில் போகும் முன் ஒரு நாள் மாலையில் நேரில் போய்ப் பேசிப் பாருங்கள். போகும்போது மாமாவை அழைத்துக்கொண்டு போகாதீர்கள், பைப் அவர் கொட்டகையில்தான் இருக்கிறது.